மாத்திரை நரம்பில் என்ன செய்கிறது என்பதைத் தமிழில் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் 31 ஆண்டுகள் டிரெசராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 76. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்துச் சனங்களில் பாதிப் பேர் டவுன் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டோம். இப்போதும் காப்பிக்கடையில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் மருந்துப் பையை மேசைமேல் வைத்து, "டிரெசர் ஐயா, இது எதுக்கு?" என்று கேட்காமல் இருப்பதில்லை. இத்தனை பேருக்குச் சொன்ன நான் என் வீட்டுப் பையைப் பார்க்கத் தவறினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஓர் இரவு, பதினோரு மணி இருக்கும். என் மனைவி படுக்கையை விட்டு எழுந்து கழிவறைக்குப் போனார். வாசலைத் தாண்டவில்லை. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது சுவரோரம் சாய்ந்து கிடந்தார். முகம் வெளுத்து, நாடி தேடினாலும் அகப்படாமல் இருந்தது. காலைத் தூக்கித் தலையணையில் வைத்ததும் ஒரு நிமிடத்தில் கண் திறந்து, "என்னங்க, தரை நழுவின மாதிரி இருந்துச்சு" என்றார். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது.

அன்றுதான் அவருக்கு ரத்தக் கொதிப்புக்குப் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்திருந்தார்கள். பிரசோசின். ஏற்கெனவே கொதிப்புக்கு அம்லோடிபினும், சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர். பையின்மேல் மலாயில் "1 பிஜி, 2 காலி செஹாரி" (ஒரு மாத்திரை, நாளைக்கு இரண்டு தடவை) என்று அச்சடித்திருந்தது. கவுண்டரில் ஏதோ சொன்னார்களாம், இவர் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது "புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்கும் தைரியம் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேருக்கு இருக்கிறது? இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சீரியல் பார்த்துவிட்டுப் படுத்திருக்கிறார்.

அந்த மாத்திரை என்ன செய்தது என்று சொல்ல வேண்டுமானால் நரம்பிலிருந்து தொடங்க வேண்டும். பால்மரம் வெட்டியவர்களுக்கு அந்த நரம்பு பழக்கமானதுதான். பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு நிரைக்குள் போகிறீர்கள். மரத்தில் பால் பிடிக்கும் மங்கைத் துடைக்கக் குனிகிறீர்கள், காலடியில் நாகம் படமெடுத்து நிற்கிறது. அந்த நொடியில் என்னவெல்லாம் நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். நெஞ்சு தடதடவென்று அடித்தது. மூச்சுக்குழாய் விரிந்தது. கண்மணி பெரிதானது. வாய் உலர்ந்தது, மயிர் சிலிர்த்தது, உள்ளங்கை வியர்த்தது. வயிறு தன் வேலையை நிறுத்திவிட்டது. ஈரல் தன்னிடம் இருந்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டியது. இதில் ஒன்றையாவது நீங்கள் யோசித்துச் செய்தீர்களா? இல்லை. சிம்பதெட்டிக் நரம்பு மண்டலம் செய்தது. பாடநூல்களில் பரிவு நரம்பு மண்டலம் என்று எழுதுகிறார்கள். தண்டுவடத்தில் நெஞ்சு உயரத்திலிருந்து இடுப்பு வரை புறப்பட்டு, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கோத்த மணிபோல முடிச்சு முடிச்சாக இறங்கி, இருதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் குடலுக்கும் மூத்திரப்பைக்கும் போகிற நரம்புகள். அவற்றின் நுனியில் பெரும்பாலும் நோரட்ரினலின் என்ற சரக்கு சுரக்கும். சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் சுரப்பி அட்ரினலினை நேராக ரத்தத்திலேயே ஊற்றும்.

பாம்பு வந்தால்தான் இந்த நரம்புக்கு வேலை என்று நினைத்துவிடக் கூடாது. படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால் பக்கமும் வயிற்றுப் பக்கமும் இறங்கிவிடும். உடனே இந்த நரம்புதான் குழாய்களை இறுக்கி, இருதயத்தை வேகப்படுத்தி, தலைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்தாலும் நமக்குத் தெரியாமலே அது நடந்துகொண்டிருக்கும்.

குழாயை இறுக்கு என்ற அந்தக் கட்டளையைத்தான் பிரசோசின் மறிக்கிறது. குழாய் தளர்கிறது, கொதிப்பு இறங்குகிறது, அதனால் அது நல்ல மருந்து. ஆனால் முதல் மாத்திரையில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், சிலருக்கு எழுந்து நின்றால் குழாய் இறுகவே இறுகாது. நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் ஏற்கெனவே நீர் குறைவு, ஆகவே இந்த ஆபத்து கூடுதல். அதனால்தான் முதல் மாத்திரையைக் குறைந்த அளவில், படுக்கப் போகும்போது போட்டுக்கொண்டு, அதற்குமுன் கழிவறைக்குப் போய்விட்டு வந்து படுத்துவிட வேண்டும் என்பார்கள். நடுவில் எழ வேண்டியிருந்தால் கட்டிலோரம் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அப்புறம் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். இந்த இரண்டு மூன்று வரி தமிழில் அவர் காதில் விழுந்திருந்தால் மணிக்கட்டு தப்பியிருக்கும்.

இந்த நரம்பின் சங்கதி எனக்கே புத்தகத்திலிருந்து விளங்கியதில்லை. 1973இல், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் இரவு எட்டு வயதுப் பையனைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தார்கள். இளைப்பு, அதாவது ஆஸ்துமா. உதடு நீலம் பாரித்து, மார்பு விசில்போலக் கூவுகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக லாரி வர வேண்டும். கண்ணாடிக் குப்பியை உடைத்து, அவன் எடைக்குத் தக்கபடி அட்ரினலின் எடுத்துத் தோலுக்கடியில் போட்டேன். பத்து நிமிடத்துக்குள் விசில் அடங்கியது. ஆனால் பையனின் கை நடுங்கத் தொடங்கியது, நெஞ்சு குருவி நெஞ்சு போலத் துடித்தது. அவன் தாய் "ஐயா, இது வேற ஏதோ ஆகுதே" என்று என் காலைப் பிடித்துக்கொண்டார். ஒரே மருந்து மூச்சுக்குழாயை விரித்தது, இருதயத்தை விரட்டியது, கையை ஆட்டியது, தோலடி ரத்தக் குழாயைச் சுருக்கி முகத்தை வெளுக்க வைத்தது. ஒரு சாவி இத்தனை பூட்டைத் திறக்குமா என்று அன்று இரவெல்லாம் எனக்கு யோசனை.

பூட்டுகள் ஒரே மாதிரி இல்லை என்று 1948இலேயே அமெரிக்காவில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்பவர் காட்டியிருந்தார். ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை. ரத்தக் குழாயை இறுக்குவதும் மூத்திரப்பையின் வாயை மூடுவதும் ஆல்பா. என் மனைவியின் பிரசோசின் அடைப்பது இந்தப் பூட்டைத்தான். இருதயத்தை விரட்டுவதும் மூச்சுக்குழாயை விரிப்பதும் பீட்டா. பீட்டாவிலும் இருதயத்துக்கு ஒன்று, மூச்சுக்குழாய்க்கு ஒன்று என்று பின்னால் பிரித்தார்கள். அதனால்தான் இன்று நம் பிள்ளைகள் உறிஞ்சும் நீல நிற சால்பியுட்டமால் மூச்சுக்குழாயைத் தேடிப் போகிறது, இருதயத்தை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. ஆல்குவிஸ்ட் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பீட்டாப் பூட்டை அடைக்கும் புரோப்ரானலாலை 1960களில் உருவாக்கியவர் ஜேம்ஸ் பிளாக். ஸ்காட்லாந்துக்காரர். 1988இல் நோபல் பரிசு பெற்றார். அவர் 1947 முதல் 1950 வரை சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர் என்பதைப் படித்தபோது எனக்கு ஏதோ சொந்தக்காரரைப் பற்றிக் கேட்ட சந்தோஷம். நம் மண்ணுக்குப் பக்கத்தில் நடமாடிய மனிதரின் மருந்து இன்று நம் ஊர்க் கிளினிக் ஒவ்வொன்றிலும் இருக்கிறது.

பீட்டாப் பூட்டை அடைக்கும் அந்தப் பீட்டா மருந்துகளைப் பற்றித்தான் நம் சனங்கள் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். காரணம் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு. இனிப்பு நீரில் இந்தியர்களாகிய நாம்தான் எப்போதும் முன்னால் நிற்கிறோம். இரண்டும் சேர்ந்து இருக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு ஒருவர்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் முன்பு ரப்பர்ப் பால் லாரி ஓட்டியவர். இனிப்பு நீருக்கும் மாத்திரை, படபடப்புக்குப் புரோப்ரானலாலும் சாப்பிடுகிறவர். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் பால்குடம் எடுக்க விரதம் இருந்தார். ஒரு வேளைச் சாப்பாடு, ஆனால் மாத்திரை மட்டும் வழக்கம்போல இரண்டு வேளை. ஒரு மாலை திண்ணையில் உட்கார்ந்திருந்தவரின் சட்டை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. கேட்டால் "ஒண்ணும் இல்ல, புழுக்கம்" என்கிறார். மழை பெய்து குளிர்ந்த மாலை அது. பேச்சு குழறியதைக் கவனித்த அவர் மகள் என்னைக் கூப்பிட்டாள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 2.6 மில்லிமோல், ஆபத்தான அளவுக்குக் குறைவு. சீனித் தண்ணீர் குடிக்க வைத்துக் காப்பாற்றினோம்.

சர்க்கரை இறங்கினால் உடம்பு கூச்சல் போடும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். கூச்சல் போடுவது இதே சிம்பதெட்டிக் நரம்புதான். பீட்டா மருந்து அந்தக் கூச்சலின் வாயைப் பொத்திவிடுகிறது. புரோப்ரானலால் போன்றவை ஈரல் சர்க்கரையைக் கொட்டுவதையும் மந்தப்படுத்தும். ஆனால் வியர்வையை மட்டும் பொத்த முடியாது. வியர்வைச் சுரப்பிக்குப் போகிற நரம்பும் சிம்பதெட்டிக்தான், ஆனாலும் அதன் நுனியில் சுரப்பது நோரட்ரினலின் இல்லை, அசிட்டைல்கோலின். பீட்டா மருந்துக்கு அங்கே வேலை கிடையாது. ஆகவே இந்த இரண்டு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்குக் காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால், உடனே சர்க்கரையைப் பாருங்கள். பார்க்கும் கருவி இல்லையென்றால் சீனித் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பிறகு யோசியுங்கள். விரதம் இருக்கப் போகிறவர்கள் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

இதைப் படித்துவிட்டு யாரும் பீட்டா மாத்திரையை நாளைக்கே நிறுத்திவிடக் கூடாது. கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். என் தங்கை ஆறு வருடமாக அட்டெனலால் சாப்பிட்டு வந்தவள். குலதெய்வம் கும்பிடத் தமிழ்நாட்டுக்குப் போனபோது மருந்துப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். "கொதிப்பு நல்லாத்தானே இருக்கு, மூணு வாரம்தானே" என்ற நினைப்பு. நான்காம் நாள் நெஞ்சை அடைத்து, திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பூட்டை வருடக்கணக்கில் அடைத்து வைத்தால் உடம்பு புதிது புதிதாகப் பூட்டு செய்துகொள்ளும். திடீரென்று மருந்தை எடுத்துவிட்டால் அத்தனையும் ஒரே நேரத்தில் திறக்கும், இருதயம் தாங்காது. நிறுத்தத்தான் வேண்டுமென்றால் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

இளைப்பு உள்ளவர்களுக்குப் புரோப்ரானலால் ஆகாது, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். இது பலருக்குத் தெரியும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் அதே சாதி என்பது தெரியாது. கண்ணில் விட்டது மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் சேரும். "வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டால் கண் சொட்டை யாருமே சொல்வதில்லை.

சளி மாத்திரையும் அப்படித்தான். மூக்கடைப்புக்குச் சாப்பிடும் சூடோஎபெட்ரின் மூக்குக்குள் வீங்கிய ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. மூக்கை மட்டும் சுருக்கு, மற்றதை விட்டுவிடு என்று அதற்குச் சொல்ல முடியாதே. கொதிப்பு ஏறும். புரோஸ்டேட் வீங்கிய வயதானவர்களுக்கு மூத்திரப்பையின் வாய் இறுகி, ஒரு சொட்டு வராமல் துடிப்பார்கள். அப்படி எத்தனையோ மண்டோர்மாருக்கு, அதாவது கங்காணிமாருக்கு, நடு ராத்திரியில் குழாய் விட்டிருக்கிறேன், எல்லாரும் பேரனின் சளி மாத்திரையைக் கடன் வாங்கிச் சாப்பிட்டவர்கள்.

ஒன்றை மட்டும் நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறாது. நம் நாட்டு வைத்தியத்தில் சர்ப்பகந்தா என்று ஒரு வேர் உண்டு. அதிலிருந்து 1952இல் ரிசெர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு முன்பே, 1949இல், பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற டாக்டர் அந்த வேர் கொதிப்பை இறக்குவதை எழுதி உலகத்துக்குக் காட்டினார். நரம்பு நுனியில் நோரட்ரினலின் சேமித்து வைக்கும் கிடங்கை அது காலி செய்துவிடும். கட்டளை வந்தாலும் அனுப்பச் சரக்கு இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தக் குட்டி மாத்திரையை நானே எண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கும் கொடுத்தேன். கொதிப்பு இறங்கியது. சில மாதங்களில் அவர் பாட்டை நிறுத்திவிட்டார். சாப்பாடு குறைந்தது, மூலையில் உட்கார்ந்து சுவரையே பார்த்தார். மகன் தனிக்குடித்தனம் போன வருத்தம் என்று நாங்களே ஒரு காரணம் கட்டிக்கொண்டோம். மாதம் இரண்டு முறை வரும் டாக்டர் ஒருநாள் அவரைப் பார்த்துவிட்டு, "இந்த மாத்திரையை நிறுத்து" என்றார். மூளையிலும் அதே கிடங்குகள் இருக்கின்றன, அங்கேயும் அது காலி செய்யும், சிலருக்கு மனம் இருண்டுவிடும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் மறுபடி பாட இரண்டு மாதம் ஆனது. கொடுத்தவன் நான், எனக்கே யாரும் சொல்லித் தரவில்லை.

பிள்ளைகளைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளில் ஓடும் பையன்கள், இரவு வேலைக்குப் போகும் பையன்கள், தூக்கம் வராமல் இருக்க பில் குடா, சியாபு என்ற போதைப் பொருள்கள் பக்கம் போகிறார்கள். பள்ளியில் "போதைப் பொருளை ஒழிப்போம்" என்று பதாகை பிடிக்க வைக்கிறோமே தவிர, அது உடம்பில் என்ன செய்கிறது என்று சொல்வதில்லை. நரம்பு நுனிக் கிடங்கின் கதவை உடைத்து, இருப்பதையெல்லாம் வெளியே தள்ளுகிறது அது. பாம்பே இல்லாமல் உடம்பு பாம்பைப் பார்த்துவிடுகிறது, அதுவும் மணிக்கணக்கில். இருதயம் ஓடுகிறது, குழாய்கள் இறுகுகின்றன, உடம்பு சூடேறுகிறது. இருபத்தைந்து வயதில் மாரடைப்பும் மூளையில் ரத்தக் கசிவும் அதனால்தான் வருகின்றன. இதை ஒரு பையனிடம் படம் போட்டுக் காட்டினேன். கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். திட்டினால் எழுந்து போயிருப்பான்.

சரி, என்ன செய்யலாம்? அரசாங்கக் கிளினிக்கை நான் குறை சொல்லவில்லை. ஒரு ரிங்கிட்டில் டாக்டரையும் பார்த்து மருந்தும் வாங்கிக்கொண்டு வருவது எத்தனை நாடுகளில் நடக்கும்? குறை எங்கே என்றால், மருந்து கை மாறும் அந்த அரை நிமிடத்தில்தான். மனைவியின் கட்டு மாற்றப் போனபோது மருந்துக் கவுண்டரில் ஓர் இளம் மலாய்க்காரப் பெண் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அங்கிள், மெல்ல எழுந்திருக்கணும் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டு, தன் புத்தகத்தில் ரோமன் எழுத்தில் எழுதிக்கொண்டார். "மெல்ல எழும்புங்க, மெல்ல எழும்புங்க" என்று அங்கேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அடுத்த வாரம் நான் ஏழு வாக்கியங்களை எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கவுண்டர் கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார்.

அந்த ஏழு வாக்கியங்களை இத்துடன் உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஞாயிறு மலரில் ஒரு மூலை ஒதுக்கி, கத்தரித்து மருந்துப் பைக்குள் போட்டுக்கொள்ளும் அளவில் அச்சிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், என் மனைவி கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்ட டிரெசர்,
சுங்கை சிப்புட், பேராக்.

1. இந்தப் பிரசோசின் மாத்திரை ரத்தக் குழாயைத் தளர்த்தும், மெல்ல எழும்புங்க.
2. முதல் மாத்திரையைப் படுக்கும்போது போடுங்க, கழிவறைக்கு முன்னாலேயே போயிட்டு வந்துடுங்க.
3. இந்தப் பீட்டா மாத்திரை தீர்ந்து போறதுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வாங்க, ஒரு நாள்கூட விடாதீங்க.
4. இனிப்பு நீர் இருந்து திடீர்னு வியர்த்தா உடனே சீனித் தண்ணி குடிங்க.
5. இளைப்பு இருக்கா? இருந்தா இப்பவே சொல்லுங்க.
6. கண்ணில் விடும் மருந்து, கடையில் வாங்கின சளி மருந்து, எல்லாத்தையும் அடுத்த தடவை ஒரே பையில் கொண்டு வாங்க.
7. புரியலைன்னா திரும்பக் கேளுங்க, நான் காத்திருக்கேன்.